சேற்றுக்கு அடியில் எத்தனை அங்குலம்? ரொட்டாவேட்டர் ஆழம் காட்ட எந்தச் சென்சார் தேறும்

ஜூன் மாதம் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணீர் கால்வாய்களில் இறங்கியதும் கன்னியாகுமரி மாவட்டத்தின் தேரூர், சுசீந்திரம், தாழக்குடி வயல்களில் கன்னிப்பூ என்னும் முதல் நெல் பருவத்துக்கான தொழி உழவு (சேற்று உழவு) சூடுபிடித்துவிடும். கலங்கிய தண்ணீருக்கு அடியில், டிராக்டரின் பின்னால் சுழன்று உழும் ரொட்டாவேட்டரின் கத்திகள் எத்தனை அங்குலம் இறங்கியிருக்கின்றன என்பதை டிராக்டர் ஓட்டுபவர் கண்ணால் பார்க்க வழியில்லை. என்ஜின் திணறும் சத்தத்தையும் வண்டியின் பின்பாகம் அமுங்குவதையும் வைத்தே ஹைட்ராலிக் லிவரை ஏற்றியும் இறக்கியும் ஓட்டுகிறார். பல வருடம் பழகிய கைக்கு அது போதும். உழவு நெருக்கத்தில் வண்டி கைமாறி, பழக்கம் குறைந்தவர் ஏறும்போதுதான் சிக்கல் வருகிறது. நான்கு அங்குலம் போதுமான இடத்தில் கத்தி ஏழு அங்குலம் இறங்கினால் டீசல் கூடுதலாகச் செலவாவதோடு போவதில்லை; சேற்றைத் தாங்கி நிற்கும் இறுகிய அடித்தட்டு உடைந்து, தண்ணீர் கீழே வடியவும் அடுத்த பூவில் (சாகுபடிப் பருவத்தில்) அதே இடத்தில் சக்கரம் புதையவும் வழி ஏற்படுகிறது.

இதற்காக, ரொட்டாவேட்டரை ஏற்றி இறக்கும் கையான லிஃப்ட் ஆர்மின் கோணத்தை அளந்து ஓட்டுபவர் முன்னால் ஆழமாகக் காட்டும் ஒரு சிறு பெட்டியை மூவாயிரம் ரூபாய்க்குள் செய்ய முடியுமா என்று எங்கள் வீட்டு டிராக்டரிலேயே சில பூக்களாகப் பார்த்துவருகிறேன். முதல் பெட்டியை மாட்டிய அன்று வண்டி ஓட்டும் அண்ணன் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சாதனம் கொள்ளாம் மக்கா, ஒரு பூவு தாண்டுமா?" என்று கேட்டார். சென்சாரின் விவரத்தாளில் உள்ள எந்த எண்ணும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் அவருடைய கேள்வியை அளவுகோலாகக் கொண்டது.

சென்சாரைத் தேர்வதற்கு முன்னால், உண்மையில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை முடிவுசெய்வது நல்லது. வாடகைக்கு வண்டி விடுபவர் பலருக்கு ஆழமே தேவைப்படுவதில்லை. ரொட்டாவேட்டர் கீழே இறங்கி வேலை செய்த நேரம் எவ்வளவு, வரப்போரம் தூக்கி நிறுத்தியிருந்த நேரம் எவ்வளவு என்று தெரிந்தால் மணிக்கணக்கு வாடகையில் தகராறு வராது. அதற்குக் கோணம் அளக்கும் சென்சார் வீண்செலவு. இரும்பு அருகில் வந்தால் அறிந்துகொள்ளும் இண்டக்டிவ் பிராக்ஸிமிட்டி சுவிட்ச் ஒன்றை லிஃப்ட் ஆர்ம் கீழே வரும் இடத்தில் பொருத்தினால் வேலை முடிந்துவிடும். 12 மி.மீ. மரையுள்ள சாதாரண வகை 4 மி.மீ. தொலைவில் இரும்பை அறியும். 6 முதல் 36 வோல்ட் வரை ஏற்கும் என்பதால் வண்டியின் மின்சாரத்திலேயே ஓடும். சேறு அதன் மேல் அப்பினாலும் இரும்பைத்தான் பார்க்கும், சேற்றைப் பொருட்படுத்தாது. அதன் வெளியீட்டை நேரடியாக மைக்ரோகண்ட்ரோலரில் (பெட்டியை இயக்கும் சிறு கணினிச் சிப்பில்) கொடுக்காமல், மின்தொடர்பு இல்லாமல் ஒளியால் சிக்னலைக் கடத்தும் பி.சி.817 போன்ற ஆப்டோகப்ளர் வழியாகக் கொடுத்தால் போதும். ஆழமும் வேண்டும் என்பவர்கள் மட்டுமே மேலே படிக்க வேண்டியிருக்கும்.

ஆழம் என்று நாம் சொல்வதில் ஒரு குறை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. லிஃப்ட் ஆர்மின் கோணம், டிராக்டரின் உடலைப் பொறுத்து ரொட்டாவேட்டர் எங்கே இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். சேற்று உழவுக்காக டிராக்டரில் மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீல் சேற்றில் மூன்று அங்குலம் புதைந்தால் ரொட்டாவேட்டரும் சேர்ந்து மூன்று அங்குலம் இறங்கும். பெட்டி அதைக் காட்டாது. ஆகவே திரையில் வரும் எண், சக்கரம் நிற்கும் தளத்துக்குக் கீழே கத்தி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதற்கான எண். அடித்தட்டைக் காப்பாற்றுவதற்கு அந்த எண்ணே பயன்படுகிறது, ஏனெனில் சக்கரம் பெரும்பாலும் அந்தத் தட்டின் மேல்தான் நிற்கிறது.

எங்கள் வண்டியில் அளந்தபோது, லிஃப்ட் ஆர்ம் அடியிலிருந்து உச்சிவரை ஏறத்தாழ 65 பாகை சுழல்கிறது; அதற்குள் ரொட்டாவேட்டர் ஏறத்தாழ 60 செ.மீ. ஏறி இறங்குகிறது. ஆர்டுயினோ நானோ என்ற சிறு மைக்ரோகண்ட்ரோலர் பலகையில் உள்ள ஏ.டி.மெகா328பி சிப்பில், வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் பகுதியான ஏ.டி.சி. 10 பிட் கொண்டது, அதாவது 0 முதல் 5 வோல்ட் வரையுள்ள வீச்சை 1024 படிகளாகப் பிரிக்கும். தண்டைச் சுழற்றினால் வோல்ட்டேஜ் மாறும், 270 பாகை சுழலும் சாதாரண பொட்டென்ஷியோமீட்டரில் 65 பாகைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 246 படிகள். ஒரு படிக்குச் சராசரியாக இரண்டரை மி.மீ. என்று வருகிறது. சேற்று வயலில் ஒரு செ.மீ. துல்லியமே அதிகம் எனும்போது, கையில் உள்ள மிக மலிவான அமைப்பே நான்கு மடங்கு நுட்பமாக அளக்கிறது. எத்தனை பிட் என்று தேடி அலைவதை இந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். இனி பார்க்க வேண்டியது சேறு, தண்ணீர், அதிர்வு, வயர் ஆகிய நான்கையும்தான்.

முதலில் கழித்துவிடக் கூடியவற்றைக் கழிக்கிறேன். அல்ட்ராசானிக் சென்சார் பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை, ஏனெனில் அது எதையும் தொடாமல் அளக்கிறது. ரொட்டாவேட்டருக்குப் பின்னால் தெறிக்கும் சேற்றுத் துளிகளிலிருந்தும் அசையும் தண்ணீர்ப் பரப்பிலிருந்தும் எதிரொலி தாறுமாறாக வரும். காற்றின் வெப்பம் 20 பாகையிலிருந்து 35 பாகைக்கு ஏறினால் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டரிலிருந்து 352 மீட்டருக்கு உயரும், 60 செ.மீ. தொலைவில் அது மட்டுமே ஒன்றரை செ.மீ. பிழை. தண்ணீர் புகாத வகையில் முதல் 20 செ.மீ. அளவுக்கு அதற்குக் கண்ணும் தெரியாது. லேசர் ஒளியால் தூரம் அளக்கும் சிறிய சென்சாரும் வெயிலில் தடுமாறும், கண்ணாடியில் ஒரு துளி சேறு பட்டால் அதோடு சரி. கம்பி இழுத்து அளக்கும் டிரா வயர் வகையில் கம்பி உள்ளே சுருளும்போது மண்ணையும் கூடவே கொண்டுபோகும். விலையும் நம் எல்லைக்கு வெளியே.

ஒரு சுற்றுக்கு 600 துடிப்பு தரும் ஆப்டிகல் என்கோடர் துல்லியத்தில் குறைந்தது அல்ல. இரண்டு தடங்களின் ஏற்ற இறக்கத்தையும் எண்ணினால் சுற்றுக்கு 2400 படிகள் கிடைக்கும். ஆனால் அது எண்ணிக்கையைத்தான் தருகிறது, இடத்தைத் தருவதில்லை. சாவியை அணைத்தால் எண்ணிக்கை போய்விடும். வண்டி நின்றிருக்கும்போது ஹைட்ராலிக் மெல்ல இறங்கிவிட்டால் காலையில் பெட்டி பொய் சொல்லத் தொடங்கும். ஒவ்வொரு முறையும் ரொட்டாவேட்டரை உச்சிக்குத் தூக்கிப் பூஜ்யம் வைக்கச் சொல்லலாம் என்றால், அவசரத்தில் யாரும் அதைச் செய்யமாட்டார்கள். விதைப்புக் கருவியின் சக்கரம் எவ்வளவு தூரம் ஓடியது என்று கணக்கிட அதே என்கோடர் பொருத்தமானது. நம்முடைய வேலைக்கு ஒத்துவராது.

புவியீர்ப்பை வைத்துச் சாய்வு காட்டும் ஆக்ஸிலரோமீட்டரை அவ்வளவு எளிதில் தள்ள முடியவில்லை. அதில் அசையும் பாகம் எதுவும் இல்லை. முழுவதையும் எப்பாக்ஸியில் ஊற்றி மூடி, லிஃப்ட் ஆர்மில் இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கிவிடலாம். தண்டு, லிங்க் எதுவும் வேண்டாம். ஆனால் சேற்றில் வண்டியின் மூக்கு தூக்கும்போது ஆர்மும் சேர்ந்து சாயும் என்பதால் வண்டியின் உடலில் இன்னொன்றையும் வைத்து இரண்டையும் கழிக்க வேண்டும். அதற்கு மேல் அதிர்வு இருக்கிறது. மூன்று சிலிண்டர் டீசல் என்ஜின் நிமிடத்துக்கு 1800 சுற்று ஓடும்போது நொடிக்கு 45 முறை வெடிப்பு நிகழ்கிறது. கத்திகள் வேர்க்கட்டையில் மோதும் அடி தனி. ஒரு நொடிக்கான சராசரி எடுத்தால் அளவு ஓரளவு நிதானமாகிறது, ஆனால் லிவரை அசைத்த பிறகு எண் மாறுவதற்குள் ஓட்டுபவர் பொறுமை இழந்துவிடுகிறார். சுழலும் மையத்தைத் தொடவே இடமில்லாத கருவி என்றால் மட்டும் இதைப் பரிந்துரைப்பேன்.

மிஞ்சுவது மூன்று: சாதாரண பொட்டென்ஷியோமீட்டர், பழைய பெட்ரோல் கார்களில் வரும் திராட்டில் பொசிஷன் சென்சார், காந்தத்தின் திசையை அளக்கும் ஏ.எஸ்.5600 சிப்.

பொட்டென்ஷியோமீட்டரின் கவர்ச்சி அதன் எளிமை. 10 கிலோஓம் உள்ள ஒன்று ஐம்பது ரூபாய்க்குள் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். அதற்குக் கொடுக்கும் 5 வோல்ட்டையே நானோ தன் அளவீட்டுக்கான ஒப்பீட்டு அளவாகவும் எடுத்துக்கொள்வதால், அந்த 5 வோல்ட் 4.8 ஆகக் குறைந்தாலும் விகிதம் மாறுவதில்லை, காட்டும் எண்ணும் மாறுவதில்லை. இதனாலேயே முதல் பெட்டியில் இதைத்தான் வைத்தேன். ஆறு வாரங்களில் எண் குதிக்கத் தொடங்கியது, அதுவும் சரியாகப் பத்து செ.மீ. ஆழத்தில் மட்டும், மற்ற இடங்களில் ஒரு பிழையும் இல்லை. கழற்றிப் பிரித்தேன். குதிரை லாட வடிவிலிருந்த கரித் தடத்தின் பெரும்பகுதி புதிதுபோல் பளபளத்தது; ஒரே ஓர் இடத்தில், நகத்தின் அகலம்கூட இல்லாத பகுதியில், கருமை உதிர்ந்து பழுப்பு நிற அடித்தகடு தெரிந்தது, அதன் மேல் ஈரத்தில் குழைந்த கரித்தூள் ஒட்டியிருந்தது. உழவு நடக்கும் நேரம் முழுவதும் தொடுமுனை அந்த ஒரே ஆழத்தில் நின்று, என்ஜின் அதிர்வில் நொடிக்குப் பலமுறை முன்னும் பின்னும் உராய்ந்துகொண்டிருந்திருக்கிறது. இத்தனை ஆயிரம் சுற்றுத் தாங்கும் என்று எழுதியிருப்பது முழுச் சுற்றுக்கான கணக்கு. ஒரே புள்ளியில் நடுங்கிக்கொண்டு நிற்பதற்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கண்டக்டிவ் பிளாஸ்டிக் தடம் உள்ளவை பல லட்சம் சுற்றுத் தாங்கும், விலை பல மடங்கு. அவற்றிலும் தண்டு வெளியே வரும் இடத்தில் சீல் சரியில்லாவிட்டால் கதை அதேதான்.

திராட்டில் பொசிஷன் சென்சாரைச் சுருக்கமாக டி.பி.எஸ். என்பார்கள். நாகர்கோவில் பக்கம் இந்தப் பெயரைச் சொன்னால் விவசாயிகளுக்குத் திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.பி.எஸ். 3, டி.பி.எஸ். 5 நெல் ரகங்கள்தான் நினைவுக்கு வரும். எங்கள் அண்ணனும் முதலில் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டால் சரியாக எடுத்துத் தருவார்கள். மூன்று வயர், 5 வோல்ட், ஏறத்தாழ 90 பாகை சுழற்சிக்குள் அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட் வரை வெளியீடு என்பது பரவலாகக் காணும் அமைப்பு. நம்முடைய 65 பாகைக்கு இது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. படிகளின் எண்ணிக்கை அறுநூறை நெருங்கும். இன்னொரு நன்மையும் உண்டு. நல்ல நிலையில் உள்ள சென்சார் அரை வோல்ட்டுக்குக் கீழேயோ நாலரைக்கு மேலேயோ போகாது என்பதால், பெட்டிக்குள் அந்த எல்லையைத் தாண்டிய எண் வந்தால் வயர் அறுந்தது அல்லது ஒட்டிக்கொண்டது என்று உடனே கண்டுகொள்ளலாம். சிக்னல் வயரிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 100 கிலோஓம் ரெசிஸ்டரைப் போட்டுவிட்டால், வயர் அறும்போது எண் அந்தரத்தில் அலையாமல் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும்.

அதன் குறைகள் இரண்டு. பல மாடல்களில் உள்ளே இருப்பதும் உராயும் தடமே. கார் என்ஜினின் அதிர்வுக்காகவே செய்யப்பட்டது என்பதால் நீடித்து உழைக்கும், ஆனால் அழியாதது அல்ல. இரண்டாவது, அது என்ஜின் மூடிக்கு அடியில் இருக்க வேண்டிய பொருள். தெறிக்கும் நீரைத் தாங்கும், சேற்று நீரில் மூழ்கியிருக்க அது பழகவில்லை. அதோடு அதன் துளையில் பொருந்தும் தட்டை முனைத் தண்டை லேத் பட்டறையில் கடைந்து வாங்க வேண்டும். தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ இது அரைமணி நேர வேலை.

ஏ.எஸ்.5600 வேறு வழியில் போகிறது. சிப்புக்கு நேர் எதிரே, குறுக்குவாட்டில் காந்தமேற்றிய 6 மி.மீ. வட்டக் காந்தம் சுழல்கிறது. சிப் அதன் திசையை 12 பிட் அளவில், அதாவது சுற்றுக்கு 4096 படிகளாகப் படிக்கிறது. இரண்டுக்கும் இடையே அரை மி.மீ. முதல் 3 மி.மீ. வரை இடைவெளி இருக்கலாம். அந்த இடைவெளியில் காற்றுதான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிளாஸ்டிக், எப்பாக்ஸி, அலுமினியம் எதுவும் காந்தப்புலத்தைத் தடுப்பதில்லை. எனவே சிப்பை முழுவதுமாக எப்பாக்ஸியில் புதைத்துவிட்டு, காந்தத்தை மட்டும் வெளியே சுழலவிடலாம். மற்ற இரண்டு வகையிலும் பெட்டிக்குள் ஒரு தண்டு நுழைய வேண்டும், தண்டு நுழைந்தால் ஆயில் சீல் வேண்டும், சீல் தேய்ந்தால் தண்ணீர் வரும். இங்கே நுழைவதற்கு வழியே இல்லை. உழவு முடிந்து வண்டி வாட்டர் சர்வீசுக்குப் போகும்போது இதன் அருமை தெரியும். ஐ.பி.67 என்று அச்சிட்ட பெட்டி ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும் என்றுதான் பொருள். கையெட்டும் தூரத்திலிருந்து பீய்ச்சும் உயர் அழுத்த நீருக்கு ஐ.பி.69கே என்ற வேறு தரம் இருக்கிறது, அந்தத் தரத்துப் பெட்டி நம் விலைக்கு வராது. சேற்றில் ஒன்றும் ஆகாமல் தப்பித்த என் பொட்டென்ஷியோமீட்டர் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தது கழுவும் இடத்தில்தான்.

இதற்கும் சில கண்டிப்புகள் உண்டு. காந்தத்தை இரும்புப் போல்ட்டின் தலையில் நேரடியாக ஒட்டினால் புலம் இரும்புக்குள் சிதறிவிடும். பித்தளை அல்லது நைலான் தொப்பி ஒன்று நடுவில் வேண்டும். காந்தத்தின் மையமும் சிப்பின் மையமும் கால் மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது என்று விவரத்தாள் சொல்கிறது. புஷ் தேய்ந்து ஆடும் பழைய லிஃப்ட் ஆர்மின் முனையில் காந்தத்தை ஒட்டினால் இது நடவாது. ஆகவே பெட்டியோடு சேர்ந்த தனித் தண்டு ஒன்றைச் சிறிய பித்தளை புஷ்ஷில் ஓடவிட்டு, இரு முனையிலும் பந்து மூட்டுள்ள பைக் கியர் லிங்க் கம்பியால் லிஃப்ட் ஆர்மோடு இணைத்தேன். ஆர்மின் ஆட்டத்தை அந்த மூட்டுகள் விழுங்கிவிடுகின்றன. காந்தத்தின் மேல் இரும்புத் துகள் ஒட்டும் என்பதால் மேலே ஒரு மூடி வேண்டும். மணவாளக்குறிச்சி போன்ற கடலோரப் பகுதிகளில் கருமணலில் உள்ள இல்மனைட் கனிமமும் வலுவான காந்தத்தை விடாது என்பதால் அங்கே மூடி கட்டாயம். சந்தையில் கிடைக்கும் மாட்யூலில் டி.ஐ.ஆர். என்ற பின்னைக் கிரவுண்டில் இணைக்காமல் விட்டால் சுழற்சியின் திசை தன் போக்கில் தலைகீழாகும். ஒரு நாள் முழுக்க மென்பொருளில் தேடிய பிழை இது.

சென்சாரிலிருந்து பெட்டிவரை உள்ள மூன்று மீட்டர் வயரில்தான் பெரும்பாலான திட்டங்கள் சாகின்றன. ஏ.எஸ்.5600 சிப்போடு ஐ2சி என்ற டிஜிட்டல் முறையில் பேசுவது வழக்கம். இணையத்தில் உள்ள எல்லா எடுத்துக்காட்டும் அதுதான். ஐ2சி ஒரே பலகைக்குள் அருகருகே உள்ள சிப்கள் பேசுவதற்காக உருவானது. ஆல்டர்னேட்டர் வயருக்குப் பக்கத்தில் மூன்று மீட்டர் ஓடினால் ஒரு துடிப்பு தவறிப்போய், பதில் வராத சிப்புக்காக மைக்ரோகண்ட்ரோலர் முடிவில்லாமல் காத்திருக்க நேரும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. ஒரு காலை முழுவதும் திரை 11 என்றே காட்டிக்கொண்டிருந்தது, லிவரை எங்கே வைத்தாலும் 11. மதியம் சாப்பாட்டுக்கு இறங்கியபோதுதான் அண்ணனுக்குச் சந்தேகம் வந்தது. எண்ணே காட்டாத பெட்டியைவிட உறைந்த எண்ணைக் காட்டும் பெட்டி ஆபத்தானது, ஏனெனில் பெட்டி இல்லாதபோது ஓட்டுபவர் தன் காதை நம்பியிருப்பார். ஐ2சி நூலகத்தில் காலக்கெடு வைக்கலாம், உறைந்த சிப்பை மீண்டும் தொடங்கவைக்கும் வாட்ச்டாக் வைக்கலாம். பழைய பூட்லோடர் (தொடக்க நிரல்) உள்ள நானோவில் வாட்ச்டாக் போட்டால் அது மீண்டும் மீண்டும் தொடங்கிக்கொண்டே சுழலும் என்பதையும் தெரிந்துகொண்டே வைக்க வேண்டும்.

நல்லவேளையாக, அதே சிப்பில் அவுட் என்ற பின் இருக்கிறது. ஐ2சியைத் தொடாமலே கோணத்துக்கேற்ற வோல்ட்டேஜை அது தருகிறது. 360 பாகைக்கு 0 முதல் 5 வோல்ட் என்பது தொழிற்சாலையிலிருந்து வரும் அமைப்பு. அதை அப்படியே நானோவின் 10 பிட் ஏ.டி.சி.யில் கொடுத்தால் 65 பாகைக்கு 185 படிகள், ஒரு படிக்கு மூன்று மி.மீ. சற்று அதிகம். இதுவே போதும். தொடக்கத்தையும் முடிவையும் சிப்பிலேயே பதித்து வீச்சைக் குறுக்கினால் இன்னும் நுட்பமாகும். பதிப்பதற்கு மூன்று முறைதான் வாய்ப்பு, வெளியீட்டு வகையை மாற்றிப் பதிப்பதென்றால் ஒரே ஒரு முறை, அதன் பிறகு திருத்த முடியாது. நான் பதிக்காமலே விட்டுவிட்டேன், ஏனெனில் மாற்றுச் சிப் ஒன்றை அப்படியே செருகினால் வேலை செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். பெட்டியின் நுழைவில் 10 கிலோஓம் ரெசிஸ்டரும் 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் போட்டால் 16 ஹெர்ட்ஸுக்கு மேலான நடுக்கம் படிப்படியாகக் குறைந்துவிடும். என்ஜினின் 45 ஹெர்ட்ஸ் அதில் அடக்கம்.

நீண்ட வயரில் அளவை அனுப்பும் முறைகளான ஆர்.எஸ்.485, 4–20 மில்லிஆம்பியர், கேன் ஆகிய மூன்றும் தொழிற்சாலைக்கும் பெரிய இயந்திரங்களுக்கும் உரியவை. 4–20 முறையில் வயர் அறுந்தால் மின்னோட்டம் பூஜ்யமாகிவிடுவது உண்மையிலேயே அழகான ஏற்பாடு, ஆனால் சென்சார் முனையில் தனி டிரான்ஸ்மிட்டர் வேண்டும். வேளாண் இயந்திரங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 11783 தரம் நொடிக்கு 250 கிலோபிட் வேகத்தில் கேன் பயன்படுத்துகிறது. ஒரே ஒரு கோணத்துக்காக அதைக் கொண்டுவருவது சைக்கிளுக்கு ஏர் பிரேக் வைப்பதுபோல. வயரைப் பொறுத்தவரை, ஷீல்டு உள்ள மூன்று கோர் கேபிள், ஷீல்டு பெட்டி முனையில் மட்டும் கிரவுண்டு, சென்சாரின் கிரவுண்டு வண்டியின் பாடியில் தொடாமல் கேபிள் வழியாகவே திரும்புதல் ஆகியவற்றில் சமரசம் கூடாது; விளக்கும் ஸ்டார்ட்டரும் இழுக்கும் மின்சாரம் பாடியில் ஏற்படுத்தும் வேறுபாடு அப்படியே ஆழமாகத் திரையில் வந்துவிடும். உப்புக்காற்றும் இரண்டு பருவமழையும் சேரும் மாவட்டத்தில் கனெக்டர் என்பதே பலவீனமான இடம். பித்தளை முனையில் களிம்பு ஏறுவதோடு, பல இழைச் செம்பு வயருக்குள் ஈரம் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறிவிடும். பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறும்படி விட்டால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஷெட்டில் எலி இருக்கிறது என்றால் வளையும் குழாய்க்குள் விடுவது கேபிளின் விலையைவிட மலிவு.

மின்சாரத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வண்டி ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்கும். ஸ்டார்ட்டர் சுழலும்போது பாதியளவுக்கு இறங்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி டெர்மினல் தளர்ந்து விட்டுப்போனால், தடுப்பு இல்லாத 12 வோல்ட் வண்டியில் ஒரு கணம் 80 வோல்ட்டையும் தாண்டலாம். நானோவின் சொந்த ரெகுலேட்டரை நம்பி நேரடியாகக் கொடுத்தவர்கள் யாரும் இரண்டாவது முறை அப்படிச் செய்வதில்லை. ஒரு ஃபியூஸ், தலைகீழ் இணைப்பைத் தடுக்கும் டையோடு, திடீர் ஏற்றத்தை விழுங்கும் டி.வி.எஸ். டையோடு, அதன் பிறகு வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் 5 வோல்ட் பக் கன்வெர்ட்டர் என்ற வரிசை நூறு இருநூறு ரூபாயில் அடங்கும். என் இரண்டாவது பெட்டியை அதுகூடக் காப்பாற்றவில்லை: ரொட்டாவேட்டரின் விளிம்பில் விரிசல் கண்டு, வண்டியில் மாட்டியபடியே வெல்டிங் அடித்தார்கள், பெட்டியின் வயரைக் கழற்றச் சொல்ல நான் அங்கே இல்லை. இப்போது பெட்டியின் மேல் பெயிண்டால் எழுதியிருக்கிறது.

மைக்ரோகண்ட்ரோலரைத் தேர்வதில் நீண்ட யோசனை வேண்டாம். மேலே சொன்ன மூன்று சென்சாரும் 5 வோல்ட் விகிதத்தில் பேசுவதால் நானோவே இயல்பான துணை. இ.எஸ்.பி.32 வேகமும் வைஃபையும் தருகிறது, ஆனால் அது 3.3 வோல்ட் சிப். வோல்ட்டேஜைப் பிரித்துக் கொடுக்க வேண்டும், அதன் ஏ.டி.சி. இரு ஓரங்களிலும் நேர்கோட்டில் நிற்பதில்லை. வேலை செய்த நேரத்தை உரிமையாளரின் போனுக்கு அனுப்ப வேண்டும் என்றால் மட்டும் அதை எடுக்கலாம். திரைக்கும் இதே கருத்து: நண்பகல் வெயிலில் எல்.சி.டி. எழுத்து தெரிவதில்லை. ஆழம் குறைவு, சரி, அதிகம் என மூன்று எல்.இ.டி. விளக்குகளும் ஒரு சிறிய செவன் செக்மென்ட் எண்ணும் போதும். ஓட்டுபவர் எண்ணைப் பார்ப்பதே இல்லை, நடு விளக்கைத்தான் பார்க்கிறார்.

அளவு பிடிப்பதற்கு நெல் காயவைக்கும் சிமெண்ட் களம் மிக வசதியான இடம். ரொட்டாவேட்டரைக் களத்தில் இறக்கி அதைப் பூஜ்யமாகக் கொண்டு, பிறகு ஐந்து செ.மீ. தடிமனுள்ள பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கத்திக்கு அடியில் அடுக்கி ஒவ்வொரு உயரத்திலும் எண்ணைக் குறிக்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே போக, சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றினால் ரொட்டாவேட்டர் அந்த அளவு கீழே இறங்க இடம் கிடைக்கும். கோணமும் உயரமும் நேர்விகிதத்தில் மாறுவதில்லை என்பதால் ஏழெட்டுப் புள்ளிகளை, சாவியை அணைத்தாலும் அழியாத ஈ.ஈ.பி.ராம் நினைவகத்தில் அட்டவணையாக வைத்து இடைப்பட்டதைக் கணக்கிடுவது, முக்கோணவியல் சூத்திரம் எழுதுவதைவிட எளிது. ரொட்டாவேட்டரை மேல்புறம் பிடித்திருக்கும் டாப் லிங்க்கின் நீளத்தை மாற்றினால் கத்தியின் சாய்வும் மாறும் என்பதால் அட்டவணையை மறுபடி எடுக்க வேண்டும்.

ஆகவே என் தேர்வு இப்படி. சால்டரிங் கைவந்தவர், எப்பாக்ஸி ஊற்றப் பொறுமை உள்ளவர் என்றால் ஏ.எஸ்.5600 சிப்பை அவுட் பின் வழியாக நானோவோடு இணைப்பதே சிறந்தது. என் மூன்றாவது பெட்டி அதுதான், கன்னிப்பூவும் அடுத்த பருவமான கும்பப்பூவும் தாண்டி ஓடுகிறது. வீட்டில் அதற்கு ஆள் இல்லை, பழுதானால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம்தான் போக வேண்டும் என்றால் டி.பி.எஸ். சென்சார்தான் சரி. சற்று உயரமான இடத்தில், சைக்கிள் டியூபை வெட்டி உறை போட்டுப் பொருத்த வேண்டும். கெட்டுப்போனால் ஞாயிறு காலையில்கூட ஸ்பேர் கடையில் கிடைக்கும். பொட்டென்ஷியோமீட்டரை மேசையில் வைத்து மென்பொருளை எழுதிச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். மூன்றும் ஒரே மூன்று வயரில், ஒரே வோல்ட்டேஜ் வீச்சுக்குள் பேசுவதால் பெட்டியை மாற்றாமலே சென்சாரை மட்டும் மாற்றலாம், களத்தில் ஒருமுறை அளவு பிடித்தால் போதும்.

எப்பாக்ஸியில் புதைத்த இன்னொரு சிப்பும், பித்தளைத் தொப்பியில் ஒட்டிய காந்தமும், அரை மீட்டர் கேபிளும் இப்போது டூல் பாக்ஸில் ஒரு பிளாஸ்டிக் பையில் கிடக்கின்றன. காந்தம் ஸ்பேனரோடு ஒட்டிக்கொள்கிறது என்று அண்ணன் அதைத் தனியாக ஒரு மருந்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்.